கூட்டுறவு ஒயின் ஆலையில் எல்லார் திராட்சையும் ஒரே தொட்டிக்குப் போனால், நன்றாக விளைவித்தவருக்கு என்ன மிச்சம்?

நிழல்மரம் கேட்டது:

போன மாதம் தென் பிரான்சில் பெசியே பக்கம் ஐந்து நாள் சுற்றினோம். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரு தேவாலயம், அப்புறம் அதைவிடப் பெரிதாக, பழைய ரயில் நிலையம் மாதிரி ஒரு கட்டடம். கேட்டால் கூட்டுறவு ஒயின் ஆலை என்றார்கள். சில ஊர்களில் அது பூட்டிக் கிடந்தது. ஓரிடத்தில் உள்ளே போய்ப் பார்த்தோம். வரிசையாகக் கான்கிரீட் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவுக்கு. சுற்றிக் காட்டிய பெண், உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேர், பலருக்கு இரண்டு மூன்று ஹெக்டேர்தான், வீட்டில் சொந்தத் தொட்டி வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை என்றார்.

அப்போதிருந்து ஒரு சந்தேகம் குடைகிறது. ஒருவர் ஒழுங்காகக் கவாத்து செய்து, குலைகளைக் கிள்ளிக் குறைத்து, நல்ல பழமாகக் கொண்டு வருகிறார். பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீரை விட்டுக் கிலோவை ஏற்றுகிறார். இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்தால் முதல் ஆளுக்கு என்ன லாபம்? நாலு வருடத்தில் எல்லாரும் இரண்டாம் ஆள் மாதிரி ஆகிவிட மாட்டார்களா? அப்படியிருந்தும் நூறு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது?

அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒயினின் ருசி பற்றிக் கேட்கவில்லை. கணக்குதான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

பால் சங்கத்தில் கேனில் தண்ணீர் கலந்தால் கொழுப்பு அளவு காட்டிக் கொடுத்துவிடும். இங்கே கொழுப்புக்குப் பதில் சர்க்கரை. பழம் வந்ததும் அளப்பார்கள், அளவுக்குத் தக்க பணம். தொட்டியில் கலந்தால் என்ன, கலப்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது. இதில் குடைய ஒன்றுமில்லை.

தொட்டிக்காரன்:

கணக்குப்பிள்ளை சொன்னது பாதி சரி. சண்டையெல்லாம் மீதிப் பாதியில்தான்.

நீங்கள் சுற்றிய பெசியே இருக்கிற ஏரோ மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு ஆலையில் ஆறு அறுவடை வேலை பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே என்னை இன்னும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் சக்கை வாருகிற வேலை. சிவப்பு ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் தோலும் விதையுமாக இடுப்பளவு நிற்கும். சின்னக் கதவு வழியாக உள்ளே போய் மண்வெட்டியால் தள்ள வேண்டும். ஒரு லிட்டர் சாறு புளித்து முடிவதற்குள் நாற்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியே வரும். அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கிவிடும். விசிறி ஓட்டி, வாயு அளக்கிற கருவியை உள்ளே விட்டுப் பார்க்காமல் தலையை நீட்டினால் அவ்வளவுதான். மூன்றாம் வருடம் என்னை வெளியே எடுத்துப் பழம் இறக்குகிற மேடையில் போட்டார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த மேடையில்தான் இருக்கிறது.

டிராக்டர் டிரெய்லரோடு எடை மேடையில் ஏறும். மேலே இருந்து ஒரு இரும்புக் கை இறங்கும், அதன் நுனியில் துளை போட்ட குழாய். பழக் குவியலில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, சாற்றை உறிஞ்சிக் கண்ணாடி அறைக்குள் இருக்கிற கருவிக்கு அனுப்பும். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் வரும். 12.4 என்று வந்தால், அந்தச் சாறு முழுக்கப் புளித்தால் 12.4 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும் என்று பொருள். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு டிகிரி. எடையை இந்த டிகிரியால் பெருக்குவார்கள். அதற்குக் கிலோ-டிகிரி என்று பெயர். பழைய முறையில் பணம் அதற்குத்தான்.

இப்போது பாருங்கள். 5,000 கிலோ, 12 டிகிரி. பெருக்கினால் 60,000. பக்கத்துத் தோட்டக்காரர் கிலோவை ஏற்றி 6,000 கொண்டு வருகிறார், டிகிரி 10தான். அவருக்கும் 60,000. இரண்டு பேருக்கும் ஒரே பணம்! முதல் ஆள் குலையைக் கிள்ளக் கூடுதலாகக் கொடுத்த கூலி கையை விட்டுப் போனதுதான் மிச்சம். ஆக, உங்கள் சந்தேகம் ரொம்ப நியாயமானது. ஏரோ மாவட்டமும் சேர்ந்த லாங்தொக் பகுதி பல தலைமுறையாக இந்தக் குழியில்தான் கிடந்தது. அராமோன் என்று ஒரு ரகம், சாறாகக் கொட்டும், ஆனால் ஒயினில் நிறமும் இருக்காது, திடமும் இருக்காது. அதைப் போட்டு வயல் வயலாக நிரப்பினார்கள் என்றால், கணக்கு அவர்களை அப்படிச் செய்யச் சொன்னது.

பிறகு என்ன செய்தார்கள்? அளக்கிற இடத்தை மாற்றினார்கள். நான் போன காலத்தில் ஆலையின் தொழில்நுட்ப ஆள் ஜூலை, ஆகஸ்டிலேயே தோட்டம் தோட்டமாக நடப்பார். கொடிக்கு எத்தனை குலை, இலை சுத்தமா, அழுகல் உண்டா, வரிசையில் எத்தனை கொடி செத்துப் போயிருக்கிறது, எல்லாம் எழுதிக்கொள்வார். அதை வைத்துத் தோட்டங்களைத் தரம் பிரித்துவிடுவார்கள். நல்ல தரத் தோட்டத்தின் பழத்துக்குத் தனித் தொட்டி, தனி விலை. எந்தத் தோட்டத்தை எந்த நாளில் வெட்டுவது என்பதையும் ஆலைதான் சொல்லும். அதனால் நீங்கள் பார்த்த அத்தனை தொட்டிகளும் ஒரே குட்டை இல்லை. அத்தனை தொட்டி இருப்பதே பிரித்து வைக்கத்தான்.

இதைத் தவிர எந்தச் சட்டதிட்டத்திலும் எழுதாத ஒன்று உண்டு. எங்கள் ஆலையில் அந்தத் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்கும். பின்னால் காத்திருக்கிற டிராக்டர்காரர்கள் எல்லாருக்கும் எண் தெரியும். 9 டிகிரியில் கொண்டு வந்தவர் அன்று சாயங்காலம் ஊர்க் கஃபேயில் எந்த முகத்தோடு உட்காருவார்?

ஒரு பெரியவர் வருவார், எண்பதைத் தொடுகிற வயது. கரிஞான் ரகம் மட்டும் இரண்டு ஹெக்டேர். எண் வருகிற வரை எஞ்சினை அணைக்கவே மாட்டார். 11.8 என்று வந்தால் விரலை மேலும் கீழும் ஆட்டி, மறுபடி குத்தச் சொல்வார். குழாய் மேலாகக் குத்திவிட்டது, கனிந்த பழமெல்லாம் நசுங்கி அடியில் சாறாக இறங்கிவிட்டது, இனிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது அவர் வாதம். கண்ணாடி அறைக்குள் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, “குழாய்க்கு ஆள் தெரியாதுங்க ஐயா” என்பார். நான் பிழையில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட முதல் பிரெஞ்சு வாக்கியம் அது. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே டிரெய்லரைத் தூக்கிக் கொட்டுவார். அடுத்த வாரம் மறுபடி 11.8. மறுபடி விரல்.

சரி, இவ்வளவு புழுங்கிக்கொண்டு ஏன் இருக்கிறார்கள்? வெளியே போனால் நிலைமை இதைவிட மோசம் என்று அவர்கள் வீட்டிலேயே கதை உண்டு. திராட்சையை வெட்டினால் அன்றைக்கே ஆலைக்குள் போக வேண்டும். கோதுமை மாதிரி மூட்டை கட்டி விலை ஏறும் வரை வைக்க முடியாது. தொட்டி இல்லாதவன் வீட்டு வாசலில் வியாபாரி வந்து நின்றால், வியாபாரி சொன்னதுதான் விலை. தொட்டி இருந்தால் அதே பழத்தை ஒயினாக்கி மாசி, பங்குனி வரை நிறுத்திப் பேரம் பேசலாம். அந்தப் பெரிய கட்டடங்கள் எழுந்தது அதற்காகத்தான்.

பெசியேக்குப் பக்கத்திலேயே மரோசான் என்று ஒரு ஊர். 1901இல் அங்கே சிறு விவசாயிகள் ‘சுதந்திரத் திராட்சை விவசாயிகள்’ என்று பெயர் வைத்து ஒன்று சேர்ந்தார்கள். முதலில் விற்பனை மட்டும்தான் கூட்டாக. இடைத்தரகரைத் தாண்டி நேராகப் பாரீஸ் தொழிலாளர்களின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு அனுப்பினார்கள். 1905இல் சொந்தத் தொட்டிக் கட்டடமும் வந்தது. சோசலிசத் தலைவர் ழான் ழோரஸ் அந்த வருடம் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் பத்திரிகையில் எழுதினார்.

அப்புறம் 1907. ஒயின் விலை சரிந்து, சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலிச் சரக்கு சந்தையை நிரப்ப, அர்ஜெலியே கிராமத்தில் இருந்து மார்செலான் அல்பேர் என்கிற கஃபேக்காரர் தலைமையில் மார்ச் 11ஆம் தேதி 87 பேர் முறையிட நார்போன் நகருக்குக் கிளம்பினார்கள். மே 12ஆம் தேதி பெசியேயில் கூடியது ஒன்றரை லட்சம் பேர். பெரியவரின் தாத்தா அந்தக் கூட்டத்துக்கு நடந்தே போனாராம். ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியேயில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. நார்போனில் ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. சுட வேண்டியிருக்குமோ என்று பயந்த 17ஆவது காலாட்படையின் சிப்பாய்கள், பலர் இந்தப் பக்கத்துப் பையன்கள்தான், முகாமை விட்டுக் கிளம்பி பெசியேக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் வந்த சட்டம், ஒவ்வொருவரும் எவ்வளவு விளைந்தது என்று வருடா வருடம் அறிவிக்க வேண்டும் என்றது. அந்த அறிவிப்பு இன்றைக்கும் உண்டு. பெரியவர் அதை நிரப்பும்போது பேனாவை அழுத்துகிற அழுத்தில் தாள் கிழிந்துவிடும்.

நிழல்மரம்:

நன்றி. 60,000 கணக்கைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி, நான் முட்டாள்தனமாகக் கேட்கவில்லை என்று. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, நல்ல பழத்தை மட்டும் வெளியே நல்ல விலைக்கு விற்றுவிட்டு மட்டமானதை ஆலைக்குக் கொண்டு வந்தால்? இரண்டு, உங்களை அங்கே மறக்காத காரணத்தைச் சொல்லாமலே போய்விட்டீர்களே.

மலைச்சரிவு:

நடுவில் ஒன்று. லாங்தொக் கதையைக் கேட்டுவிட்டு, கூட்டுறவு ஒயின் என்றாலே மலிவுச் சரக்கு, தகராறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இத்தாலியில் பியெமோந்தே மலைப் பக்கம் பார்பரெஸ்கோ ஊரைப் பாருங்கள். 1894இல் தொமிட்சியோ கவாட்சா, ஆல்பா நகர ஒயின் பள்ளியின் தலைவர், சில விவசாயிகளைச் சேர்த்து முதல் கூட்டுறவைத் தொடங்கினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார். முதல் மூன்று வருட ஒயின் தேவாலயத்தின் நிலவறையில்தான் தயாரானது. இன்று உறுப்பினர்கள் ஐம்பது சொச்சம் குடும்பங்கள். ஒரே ரகம், நெபியோலோ.

தொட்டிக்காரன் சொன்ன பிரித்து வைக்கிற வேலையை அவர்கள் கடைசி எல்லை வரை கொண்டு போனார்கள். நல்ல வருடத்தில் அசிலி, ரபயா, ஒவெல்லோ என்று ஒன்பது சரிவுகளின் ஒயினை அந்தந்தச் சரிவின் பெயரிலேயே புட்டியில் அடைக்கிறார்கள். வருடம் சுமார் என்றால் தனிப் பெயரே கிடையாது, ஒன்பதும் பொது ஒயினில் கலந்துவிடும். நிழல்மரம் பயந்தது மாதிரி நல்லதும் சுமாரும் கலப்பது, இங்கே பொது ஒயினுக்கு மானம் காக்கிற வழியாகிவிட்டது. அதற்கு ஒன்பது சரிவுக்காரர்களும் தலையாட்ட வேண்டுமே, அதை நினைத்துப் பாருங்கள்.

தொட்டிக்காரன்:

மலைச்சரிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது குடும்பம், ஒரே ரகம், உலகமே தெரிந்த ஊர்ப் பெயர். எங்கள் பக்கம் பத்துப் பதினைந்து ரகம், ஊர்ப் பெயர் சொன்னால் பக்கத்து மாவட்டக்காரனுக்கே தெரியாது. அந்த வசதி இல்லாத இடத்தில் எப்படி நடக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நிழல்மரம் கேட்ட முதல் கேள்வி. எங்கள் ஆலையில் விதி கறார்: சேர்ந்தால் முழு அறுவடையும் ஆலைக்கு. ஒரு குலைகூட வெளியே போகக் கூடாது. அதற்குப் பதில் ஆலையும் கொண்டு வருவது எதையும், அழுகல் இல்லாத வரை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. பணம் தவணை தவணையாக வரும். இந்த வருடப் பழத்தின் கடைசித் தவணை கைக்கு வருவதற்குள் அடுத்த வருடப் பழம் ஏறிவிடும். இரண்டு ஹெக்டேர்காரருக்கும் நாற்பது ஹெக்டேர்காரருக்கும் பொதுக்குழுவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. நாற்பது ஹெக்டேர்காரர்கள் இதைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார்.

இப்போது அந்தக் காரணம். நாலாவது வருடம், செப்டம்பர் கடைசி. மறுநாள் மழை என்று அறிவிப்பு, ஊரே ஒரே நாளில் வெட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கும் சாலை வரை டிராக்டர் வரிசை. மேடையில் பழம் கொட்டுகிற குழி இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். குழியின் அடியில் திருகு சுற்றும், பழம் காம்பு நீக்குகிற இயந்திரத்துக்குப் போய், அங்கிருந்து பம்பு வழியாகத் தொட்டிக்குப் போகும். எந்தத் தொட்டி என்பது வால்வைப் பொறுத்தது. வால்வு என் பொறுப்பு.

அன்று இரண்டாவது குழியில் சிரா ரகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரின் தரம் பிரித்த தோட்டங்கள், தனித் தொட்டி. சிரா மட்டும் என்று எழுதிக் கொடுத்து முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்தார்கள். கடைசி சிரா இறங்கி முடிந்ததும் நான் வால்வை மாற்ற வேண்டும். யாரோ காப்பி கொடுத்தார்கள், வாங்கினேன். அடுத்த டிரெய்லர் குழியில் கொட்டியது. மூன்று டன் சான்சோ ரகம், வெளிர் சிவப்பு ரோஸ் ஒயினுக்கு வந்தது. திருகு சுற்ற ஆரம்பித்துவிட்டது. கால் குழி போனதும்தான் குழாயில் கையை வைத்தேன், சிராத் தொட்டிக்குப் போகிற குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. நிறுத்துவதற்குள் முக்கால்வாசி சிராத் தொட்டிக்குள் போய்விட்டது.

தொட்டி மேஸ்திரி வந்தார். கத்தவில்லை. ஏணியில் ஏறி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், எட்டிப் பார்த்தால் சான்சோவைப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்பது போல. அப்புறம் கீழே இறங்கி, “வரிசை நிற்கிறது, அடுத்ததை விடு” என்றார்.

ஒப்பந்தம் போயிற்று. அந்தத் தொட்டி ஒரு படி கீழே விலை போனது. அப்போது கேள்வி வந்தது: அந்த ஒன்பது பேருக்கு எந்தக் கணக்கில் பணம்? அவர்கள் பழத்தில் குறையே இல்லை. சான்சோக்காரர் மேலும் தப்பில்லை. தனி ஆலையாக இருந்தால் முதலாளி தலையில் விழும், அல்லது என் தலையில். இங்கே முதலாளி என்று தனியாக யாரும் இல்லையே. நிர்வாகக் குழு, ஒன்பது பேருக்கும் முழு சிரா விலை, குறைந்ததை எல்லா உறுப்பினர்களின் கடைசித் தவணையிலும் ஹெக்டோலிட்டர் (நூறு லிட்டர்) கணக்கில் பரப்பிவிடலாம் என்று முன்மொழிந்தது. பொதுக்குழுவில் கை தூக்கும் ஓட்டு. எனக்கு ஓட்டு கிடையாது, கதவோரம் நின்றேன்.

பெரியவர் எழுந்தார். “எனக்கு 11.8 வந்தால் ஒரு தடவைக்கு மேல் குத்த மாட்டேன் என்கிறீர்கள், இவன் காப்பி குடித்ததற்கு மட்டும் நான் பணம் கட்டணுமா?” என்று கேட்டார். சிரிப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டார். தீர்மானம் நிறைவேறியது. அவர் தலைக்கு எவ்வளவு விழுந்தது என்று பிறகு கண்ணாடி அறைப் பெண்ணிடம் கேட்டேன். ஒரு வேளை சாப்பாட்டுப் பணம்கூட இல்லை. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையில் கப் பிடித்துக் குடிப்பது போல் காட்டுவார். நான் வேலையை விட்ட வருடம் வரை காட்டினார்.

பூட்டிக் கிடக்கிற கட்டடங்களைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். பக்கத்து ஊர் ஆலையோடு இணைந்துவிட்டால் இந்த ஊர்க் கட்டடம் காலி. காரணம் நேரடியானது: தொட்டி, குளிரூட்டி, சம்பளம் எல்லாம் நிலையான செலவு. பழம் குறைந்தால் மிச்சமிருப்பவர் தலையில் ஹெக்டோலிட்டருக்குச் செலவு ஏறும், ஏறினால் இன்னும் நாலு பேர் விடுவார்கள். 2024இல் கொடியை நிரந்தரமாகப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசுத் திட்டம் வந்தது. பெரியவர் இப்போது இல்லை. மகள் அந்த இரண்டு ஹெக்டேரையும் அதில் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கண்ணாடி அறைப் பெண் போனில் சொன்னார். அறுபது வயதுக்கு மேலான கரிஞான் கொடி அது, வறட்சியிலும் ஓரளவு தாங்கும். இப்போது தேடினால் சுலபத்தில் கிடைக்காது.

கணக்குப்பிள்ளை:

என் முதல் பதிலை வாபஸ் வாங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கலந்த தொட்டி ஒயின் கடைசியில் எப்படி இருந்தது?

தொட்டிக்காரன்:

நன்றாக இருந்தது. சிராவின் முரட்டுத்தனம் குறைந்து, குடிக்கச் சுகமாக. அடுத்த வருடம் சான்சோவை வேண்டுமென்றே கொஞ்சம் கலந்து பார்க்கலாமா என்று மேஸ்திரியே கேட்டார். பெரியவர் காதில் விழாமல்தான் கேட்டார்.